ஒரு மணி நேரம் பின்னால்

— அந்தப் பட்டனைத் தொடாதீங்க அத்தை. மவுஸை விட்டுடுங்க. இங்க இருந்தே நான் பார்த்துக்கறேன்.

— விட்டுட்டேன் மாப்பிள்ளை. அம்பு தானா ஓடுதே, பேய் பிடிச்ச மாதிரி.

— நான்தான் ஓட்டறேன். உங்க ஸ்கிரீன் இப்ப எனக்குத் தெரியுது. மூலையில வரிசையா கடிகாரம் இருக்குல்ல, அதுல எங்க ஊருது மட்டும் ஒரு மணி நேரம் பின்னாடி நிக்குது.

— அதுக்கு மட்டும் என்ன கேடு?

— கோடை வந்தா இந்த நாட்டுல எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வெப்போம். உங்க சாஃப்ட்வேர் தள்ளலை. அதான் தினமும் லேட்டா கூப்பிடறீங்க, நான் ஆபீஸ் போனப்புறம்.

— அதனால என்ன? என் பொண்ணுகிட்டதானே பேசறேன்.

— நான் இருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசுவேன்ல.

— நீங்க எங்க பேசினீங்க... ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பீங்க. அவளும் நல்லா இருக்கேன்மா, நல்லா இருக்கேன்மான்னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுவா.

— குடும்பத்துக்குள்ள என்ன ரகசியம் அத்தை?

— தாய்க்கும் பொண்ணுக்கும் நடுவுல நாட்டாமை எதுக்கு மாப்பிள்ளை?

— சரி விடுங்க. செட்டிங்ஸ் பாக்கறேன்... அட, புது வெர்ஷன்தான் இருக்கு. அப்ப இந்தத் தப்பு வரக் கூடாதே.

— எனக்கென்ன தெரியும், நான் கைநாட்டு.

— கைநாட்டா? பேங்க்ல ஹெட் கேஷியரா ரிடையர் ஆனவங்க நீங்க.

— அது நோட்டு எண்ற வேலை. நீங்க மெதுவாப் பாருங்க, அவசரமே இல்லை.

— இதோ. கோடை நேரத்தைத் தானா மாத்தறதுக்கு ஒரு கட்டம் இருக்கு. டிக்கை யாரோ எடுத்திருக்காங்க.

— யாரோ எதுக்கு? நான்தான் எடுத்தேன்.

— நீங்களா... ஏன்?

— முதல்ல அது நிஜமாவே தப்பா ஓடுச்சு. நானும் தெரியாமதான் லேட்டா கூப்பிட்டேன். நீங்க பக்கத்துல இல்லாம என் பொண்ணு பேசி அன்னைக்குத்தான் கேட்டேன். அப்புறம் புது வெர்ஷன் வந்து மணி சரியாயிடுச்சு. எனக்கு அந்தத் தப்புதான் வேணும், எடுத்துட்டேன். நீங்க கேட்டா சொல்ல ஒரு சாக்கு வேணாமா?

— அப்படி என்ன சொன்னா அவ?

— எங்க சொன்னா, அழுதா. அவளை உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டுப் போறீங்களாமே.

— அது... அவ பாதுகாப்புக்கு. புது ஊரு. இந்தாங்க, டிக் போட்டாச்சு. இனிமே நான் இருக்கும்போதுதான் கூப்பிடணும்.

— நீங்க போட்டா நான் எடுப்பேன்.

— பாஸ்வேர்ட் வெச்சுடுவேன் அத்தை.

— வெச்சுக்கோங்க. பயந்த காலமெல்லாம் போச்சு.

— இருங்க, அவளையே கேக்கறேன்... ஏய், இங்க வா... உன்னைத்தான்... என்ன, குரலே குடுக்க மாட்டேங்கறா? அத்தை, ஒரு நிமிஷம் இருங்க... அத்தை, வீட்டுல அவ இல்லை. அவ பெட்டியும் இல்லை.

— லீவு நாள்லதானே மாப்பிள்ளை உங்க வீடு பூட்டாம இருக்கு? கடிகாரத்தைச் சரி பண்ணிக் குடுங்கன்னு உங்களை இன்னைக்கு உக்கார வெச்சது அதுக்குத்தான். வண்டி ஏறிட்டேன்னு இப்பதான் என் போனுக்குச் செய்தி வந்துச்சு. எங்கன்னு கேக்காதீங்க, தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன். இனிமே உங்க ஊர் மணி எனக்கு எதுக்கு? மவுஸ் உங்க கையிலதானே இருக்கு, அந்தக் கடிகாரத்தை நீங்களே எடுத்துடுங்க.