டோஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு

என் சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட் இருக்கும். உங்களுக்கே தெரியும், யூனிஸ் டீச்சர்; ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது எத்தனையோ முறை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். தொண்டைக்கு நல்லது. மேடையில் பேசுகிறவனுக்குத் தொண்டை முக்கியம்.

போன வாரம் நம் தெரு ஜெபக்கூட்டத்தில், நடந்ததை விளக்க நான் எழுந்து நின்றேன். நீங்கள் கையைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள். "வாயால வேணாம் சின்னப்பாண்ணா, எழுதிக் குடுங்க. நீங்க பேச ஆரம்பிச்சா நாங்க வூட்டுக்குப் போய்ச் சோறாக்க முடியாது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி நீங்கள். நீங்கள் கேட்டால் எழுதித் தருவதுதான் முறை. ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இதைப் புது ஃபாதரும் படிப்பார் என்றீர்கள். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், விவேக் நகருக்குப் புதிது. அவருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்தில் நம்மவர்கள் கல்யாண ரிசப்ஷனில் கேக் வெட்டியதும் டோஸ்ட் என்று ஒன்று உண்டு. குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளை பெண்ணைப் பற்றி நாலு வார்த்தை பேசி வாழ்த்துவார். அதுவரை ஹாலில் இருக்கும் அத்தனை பேரும் கையில் வைன் கிளாஸோடு எழுந்து நிற்க வேண்டும். அவர் "சியர்ஸ்" சொன்ன பிறகுதான் குடிக்கலாம், உட்காரலாம். பிரியாணி அண்டாவைத் திறப்பதும் அதற்குப் பிறகுதான்.

இருபது வருடமாக விவேக் நகரில் டோஸ்ட் என்றால் சின்னப்பாதான். ஆதாம் ஏவாளில் தொடங்குவேன். அங்கிருந்து கானாவூர்க் கல்யாணத்துக்கு வந்து, தண்ணீர் திராட்சை ரசமானதைச் சொல்லி, பிறகு மாப்பிள்ளை வீட்டில் மூன்று தலைமுறை, பெண் வீட்டில் மூன்று தலைமுறை என்று போவேன். நாற்பது நிமிடம் ஆகும். பின்வரிசையில் சிலர் "சாக்கு, சாக்கு" என்று குரல் கொடுப்பார்கள். ஃபாதருக்குக் கன்னடம் வராது. போதும் என்று அர்த்தம். இவ்வளவு நல்ல பேச்சை ஒரே மூச்சில் தாங்க முடியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு பெரியவர் நின்றபடியே மயங்கி விழுந்தார். உருக்கமான இடம் அது.

எனக்கு மேடைப் பயம் கிடையாது. என் மனைவி பெர்னதெத் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்பதால் இதைத் தனியாகவே எழுதுகிறேன். கல்யாணத்தன்று காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்காது என்பது உண்மை, அது வாயு. பேசும்போது முட்டி ஆடும் என்பதும் உண்மை. அதனால்தான் மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். அது என் பாணி.

டெஸ்மண்டுக்கு இருப்பது நிஜமான பயம். என் அண்ணன் மகன் அவன். அண்ணனும் அண்ணியும் போன பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. தங்கமான பிள்ளை. ஆனால் நாலு பேர் சேர்ந்து அவனைப் பார்த்தால் போதும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அவனைப் போய் என் மகள் நோரா, தன் கல்யாணத்தில் டோஸ்ட் சொல்லக் கூப்பிட்டாள். அது தொண்ணூற்றேழு ஜனவரி.

"பொண்ணப் பெத்த அப்பா டோஸ்ட் ரெய்ஸ் பண்ண மாட்டாங்கப்பா. வேற யாராவதுதான் பண்ணணும்" என்றாள்.

வழக்கம் அதுதான், மறுக்கவில்லை. ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பேசிய நான் என் ஒரே மகளுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அவள் கல்யாணத்துக்கான உரையை அவள் ஞானஸ்நானத்தன்றே எழுதத் தொடங்கியிருந்தேன்.

ஆனால் அதே வழக்கத்தில் ஒரு வழியும் இருந்தது. டோஸ்ட் சொல்கிறவர் பாதியில் நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் எடுத்து முடிக்கலாம். கிளாஸோடு நிற்கிறவர்களை அப்படியே விட்டுவிட முடியாதல்லவா. அப்போது அப்பாவா என்று யாரும் கேட்க மாட்டார்கள். டெஸ்மண்டின் பயத்தைப் பார்த்தால் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது என்று தோன்றியது. எனவே நோராவிடம் சரி என்றேன்.

டெஸ்மண்ட் டாக்டரிடம் போவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். படபடப்பு அடங்கும், கை நடுங்காது, பேசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டால் போதும் என்றாராம். அவன் அதை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"என்கிட்ட இருந்தா பயத்துல முன்னாடியே முழுங்கிடுவேன் சித்தப்பா. நீங்களே வச்சுக்கோங்க. டைம் பாத்து நீங்களே குடுங்க."

அட்டையோடு என் கையில் கொடுத்தான். அவனுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெர்னதெத்துக்குக் கால் வீக்கம் உண்டு. அதற்காக டாக்டர் தண்ணி மாத்திரை கொடுத்திருக்கிறார். போட்டுக்கொண்டால் உடம்பில் தேங்கிய நீரெல்லாம் சிறுநீராகப் போய்விடும். போட்ட ஒரு மணி நேரத்தில் அவள் பாத்ரூம் பக்கத்திலேயே இருப்பாள். டெஸ்மண்டின் மாத்திரையைப் போலவே அதுவும் வெள்ளை, அதுவும் சிறியது. அவளுக்குக் கண் சரியில்லை. அதனால் தினமும் மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுப்பது நான்தான். எங்கள் வீட்டில் மாத்திரை என் பொறுப்பு.

நோரா கல்யாணத்தன்று டெஸ்மண்டுக்கு நான் எதைக் கொடுத்தேன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். இரண்டாகக் கொடுத்தேன், ஆள் வாட்டசாட்டம். அவனுடைய மாத்திரையை வீணாக்குவானேன் என்று நான் போட்டுக்கொண்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அருமையான மாத்திரை. அன்றைக்கு வாயு என் பக்கமே வரவில்லை.

கேக் வெட்டினார்கள். ஹால் எழுந்து நின்றது. டெஸ்மண்ட் படியேறும்போதே நடை ஒரு மாதிரி இருந்தது. நான் கோட்டுப் பையில் இருந்த உரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படி ஓரமாக நின்றேன். அவன் மைக்கைப் பிடித்தான். முகமெல்லாம் வியர்வை. இரண்டு காலையும் ஒட்டவைத்துக்கொண்டு சொன்னான்:

"நோரா என் தங்கச்சி. மாப்பிள்ளை நல்லவரு. ரெண்டு பேரும் நல்லா இருங்க. பிரியாணி ஆறிடும். சியர்ஸ்."

மைக்கை வைத்துவிட்டு ஓடினான்.

பிறகு எழுந்த கைதட்டலை நான் இருபது வருடத்தில் கேட்டதில்லை. பேண்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசித்தார்கள். வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள். தங்கச்சியைப் பிரிகிற துக்கம் தாங்காமல் பிள்ளை எங்கேயோ தனியாகப் போய் அழுகிறான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து அவன் களைத்துப்போய்த் திரும்பி வந்தபோது, நோரா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். நான் படி ஓரமாகவே நின்றிருந்தேன். என்னிடம் ஒருவர் வந்து, பிரியாணியைச் சுடச்சுடச் சாப்பிட்டு எத்தனை வருடமாகிறது என்றார்.

அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையோடு வருகிறவர்கள் எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, டெஸ்மண்ட் இருக்கிறானா என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

"எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை சித்தப்பா. மேல ஏறினா ஜனங்க கண்ணுக்கே தெரியல. சீக்கிரம் முடிக்கணும், அவ்ளோதான் நெனப்பு. அதே மாத்திரை குடுங்க, வேற வேணாம்" என்றான்.

இங்கே நான் நிதானமாக யோசித்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கொடுத்தால் அவன் பதறாமல் நின்று பேசக் கற்றுக்கொள்வான். ஒரே வீட்டில் இரண்டு பேச்சாளர்கள் இருப்பது குடும்பத்துக்கு நல்லதல்ல. தண்ணி மாத்திரையைக் கொடுத்தால் என்றாவது ஒருநாள் மேடையிலேயே அவனால் முடியாமல் போகும். அன்றைக்கு யாராவது ஏறி எடுத்து முடிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவனுக்கு அதையே பிரித்துக் கொடுத்தேன். அவனுடையதை நான் போட்டுக்கொண்டு, உரையோடு படி ஓரமாக நின்றேன். தடுக்கி விழுகிறவனைத் தாங்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டாமா.

அவன் விழவில்லை. டோஸ்ட்தான் இன்னும் சுருங்கியது. நவம்பரில் ஒரு கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து "சியர்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான். அதற்கும் கைதட்டினார்கள். ஜீவனஹள்ளி வரைக்கும் பேர் பரவியது. சமையல்காரர்கள் அவன் பேரைச் சிபாரிசு செய்தார்கள்.

அவனுக்குக் கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது. பேர் வந்தால் அப்படித்தான் என்றேன். தவக்காலத்தில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஊரே ஒருசந்தி இருந்து இளைக்கிற அந்த நாற்பது நாளில் டெஸ்மண்ட் மட்டும் சதை போட்டான். ஈஸ்டர் முடிந்து கல்யாணங்கள் தொடங்கியதும் மறுபடி இளைத்தான். அதை நானும் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பெர்னதெத் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்ணி மாத்திரையைக் கூடுதலாக வாங்கினால் மருந்துக் கடையில் ஏன் என்று கேட்பார்கள். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால் அவளுடையதிலிருந்தே எடுத்தேன். அவள் கையை நீட்டும்போது வெறுங்கையாக அனுப்ப மனசு வரவில்லை, பெப்பர்மின்ட் கொடுத்தேன். சிறிய, வெள்ளை வகை. "என்னாங்க, இப்ப வர்ற மாத்திர வாய்க்கு நல்லாக்கீது. முழுங்கவே மனசு வரல" என்பாள். அவள் அப்படிச் சந்தோஷமாகச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. கால் மட்டும் வீங்கிக்கொண்டே போனது. பூசையில் அதிக நேரம் முழங்காலில் நிற்காதே என்று நானும் எத்தனையோ முறை சொன்னேன்.

கடைசியாக, போன மாதம் நடந்த கல்யாணம். நீங்களும் முன்வரிசையில் இருந்தீர்கள். டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்தான், வாயைத் திறந்தான், அப்படியே கேக்கின் மேல் சாய்ந்தான். நாலு அடுக்குக் கேக். எல்லாரும் கிளாஸைப் போட்டுவிட்டு அவனைத் தூக்க ஓடினார்கள். டோஸ்ட் பாதியில் நிற்கக் கூடாது. நான் மேடை ஏறி மைக்கை எடுத்து, ஆதாம் ஏவாளில் தொடங்கினேன். எனக்குப் படபடப்பே இல்லை. கானாவூருக்கு வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து போய்விட்டது. பெண் வீட்டாரின் இரண்டாம் தலைமுறையில் ஹால் காலியாகிவிட்டது. பேண்டுக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் டிரம்ஸுக்கு உறை போட்டபடி கடைசிவரை கேட்டார்கள். நல்ல ரசிகர்கள்.

உரையை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடம்பில் தண்ணீரும் உப்பும் சுத்தமாக இல்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். டெஸ்மண்டின் சட்டைப் பையில், கேக் கிரீமுக்குள் ஒன்று அகப்பட்டது. நான் கொடுத்த இரண்டில் அன்றைக்கு ஒன்றை மட்டும் போட்டிருக்கிறான். பெர்னதெத் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"இது கசக்குதே" என்றாள்.

தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

ஆக, செய்தது நான்தான். ஒன்றரை வருடம் டெஸ்மண்டுக்குத் தண்ணி மாத்திரை கொடுத்ததும் நான்தான், பெர்னதெத்துக்கு மிட்டாய் கொடுத்ததும் நான்தான், அவன் மாத்திரையைச் சாப்பிட்டதும் நான்தான். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

டெஸ்மண்ட் இப்போது தேறிவிட்டான். அடுத்த மாதம் அவனுக்கே கல்யாணம். அவன் என்னோடு பேசுவதில்லை என்றாலும், நேற்று உங்களிடம் சொல்லி அனுப்பியதை நீங்கள் வாசலில் நின்று சொன்னீர்கள்: "சித்தப்பாவே என் டோஸ்ட்ட ரெய்ஸ் பண்ணட்டும். எவ்ளோ நேரம் வேணாலும் பேசட்டும். ஆனா ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை நான்தான் குடுப்பேன், என் கண்ணு முன்னாடி முழுங்கணும்."

அதைச் சொல்லும்போது நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டீர்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு நடந்த பிறகும் என் படபடப்பை நினைத்துப் பார்க்கிறானே, அண்ணன் பிள்ளை அண்ணனைப் போலவே. பெர்னதெத்கூட இதைக் கேட்டு முதல்முறையாகச் சிரித்தாள்.

உரையை நேற்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். சொந்தப் பிள்ளை கல்யாணம் என்பதால் ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு மேடைப் பயம் கிடையாது என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளை பாசத்தோடு தருவதை வேண்டாம் என்று தள்ளக் கூடாது. பெரிய ஹால், கூட்டம் அதிகமாக இருக்கும். ஒன்றுக்கு இரண்டாகவே தரச் சொல்லுங்கள்.