கம்மா வண்டல்

— இருமுனதுக்கா வெலா எலும்பு விரிசல் விடும், அமிர்தம்? எங்கிட்டாச்சும் விழுந்திருப்ப. நல்லா யோசிச்சுப் பாரு.

— விழுந்தா எனக்குத் தெரியாதாங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டயில ஒரு இருமல்தான். டாக்டரம்மா சொன்னதை நீங்களும் கேட்டீங்கல்ல. கிட்னி கெட்டு, எலும்புச் சத்தெல்லாம் ஒண்ணுக்குல போவுதாம். ஒடம்புல காட்மியம்னு ஒரு வெஷ உலோகம் ஏறியிருக்காம்.

— அந்தப் பேரையே இன்னைக்குத்தான் கேக்குறேன். நாம என்ன கம்பெனியிலயா வேலை பாத்தோம்?

— நம்மூரு முலாம் பூசுற பட்டறைக் கழிவுத் தண்ணி எங்க போயி விழுவுது?

— நம்ம கம்மாயில. அதுக்கு?

— அந்தக் கம்மா வண்டலைக் கோடைக்குக் கோடை அள்ளியாந்து நம்ம வயல்ல கொட்டுனது ஆரு?

— கெடுதல்னு தெரிஞ்சா கொட்டுனேன்? எங்கப்பா மாட்டுவண்டியில அடிச்சாரு, நான் டிராக்டர்ல அடிச்சேன். வண்டல் அடிக்காத வயலு ஒரு வயலா?

— ஒங்களைக் குத்தம் சொல்லலைங்க. ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போட்டுட்டு, சொந்த வயல் சோறுன்னு பெருமையாத் தின்னது நாந்தானே.

— நானுந்தான் தின்னேன். எனக்கு ஒண்ணுமில்லையே?

— நீங்க சுகருன்னு கேப்பைக் களிக்கு மாறி எம்புட்டு வருசமாச்சு. ஒங்க பங்குச் சோறும் என் தட்டுலதான் விழுந்துச்சு.

— சரி விடு. இனிமே நாம ரேஷன் அரிசி திம்போம். நாளைக்குத்தான் அறுப்பு மிசினு வருதே, நிக்கிற கதிரை அறுத்து யாவாரிக்குப் போட்ருவோம். ஊருல மூச்சு விட்றாத. தெரிஞ்சுச்சு, நம்மூரு நெல்லை ஒருத்தன் தொடமாட்டான்.

— அதைத் திங்கிறவளுக்கும் வெலா எலும்பு இருக்கும்லங்க.

— ஆரு திங்கிறான்னு நாம பாக்கவா போறோம்? பங்காளி வயலுக்கும் அதே வண்டலுதான். வாயைக் கொடுத்தா ஊரே நம்ம மேல பாயும்.

— அந்தப் பங்காளி பொண்டாட்டி செவந்தி, இடுப்பு வலின்னு எண்ணெயைத் தேச்சுக்கிட்டு நடக்க மாட்டாமக் கெடக்கா.

— அவளுக்கு வயசாச்சு.

— என்னைவிட எளையவங்க அவ. எனக்குப் பயமா இருக்கு.

— திருமயம் பஸ்ஸு வருது. மாத்திரையைப் பைக்குள்ள வையி. நான் சொன்னது நெனப்பிருக்கட்டும், வாயத் தொறக்காத.

— தொறந்துட்டேங்க. நீங்க மருந்து வாங்க வரிசையில நின்னப்பவே டாக்டரம்மாகிட்ட நம்ம வயலு, செவந்தி வயலு எல்லாத்தையும் சொல்லிட்டேன். காலையில மண்ணும் கதிரும் சோதனைக்கு எடுக்க ஆளு வாராங்க. அறுப்பு மிசினுக்காரருக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிருங்க.