மூன்று மார்க்கர்கள், ஒரு வெள்ளைச் சட்டை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் நன்றாகக் காயும். ஆமத்தூரில் எந்த மாடியிலும் காயும்தான். ஆனால் எங்கள் மாடிக்கு இரண்டடி உயரத்தில் கைப்பிடிச் சுவர் உண்டு. வடகத்துக்குக் காவலாக ஒருவன் குப்புறப் படுத்திருந்தால் தெருவிலிருந்து யாருக்கும் தெரியாது. ஐயா, என் பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் மூன்றாம் அட்டவணையில் 'மாடியிலிருந்து' என்று மட்டும் எழுதியிருந்தேன். துறைத் தலைவரான நீங்கள் அதன் பக்கத்தில் சிவப்பு மையால் 'எந்த மாடி? இலக்கு யார்?' என்று கேட்டு, முழு விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

2008 தீபாவளி சீசன் முடிந்ததும் என் வகுப்புத் தோழன் பிரபாகரனின் சித்தப்பா ஆனைக்குட்டம் பக்கம் பெயிண்ட்பால் மைதானம் ஒன்று தொடங்கினார். சாயம் நிரப்பிய சின்னக் குண்டுகளை ஒருவர் மேல் ஒருவர் சுடும் விளையாட்டு. பெங்களூரில் ஐ.டி. ஆட்கள் காசு கொடுத்து அடி வாங்குகிறார்களாம். வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசு கம்பெனி இருப்பதை அவர் யோசிக்கவில்லை. முதல் சனிக்கிழமை ஒவ்வொரு 'டப்'புக்கும் ஷெட்டுகளிலிருந்து அறுபது பேரும் வெளியே ஓடி வந்து வேலியோரம் படுத்தார்கள். மதியம் போர்மேன் அய்யப்பன் வந்தார்.

"அண்ணாச்சி, காலையில இருந்து பதினேழு தடவை ஓடியிருக்கோம். நாங்க திரி வைக்கணுமா, ஒலிம்பிக்குக்குப் போகணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க."

மைதானத்தை மூடிவிட்டார்கள். மூன்று துப்பாக்கிகளும் ஒரு பெட்டி மஞ்சள் குண்டுகளும் எங்கள் கைக்கு வந்தன. அவற்றைத் துப்பாக்கி என்று சொல்லக் கூடாது, மார்க்கர் என்றே சொல்ல வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆகவே நான் யாரையும் சுட்டதாகச் சொல்வது தவறு. குறியிட்டேன்.

ஒன்று பம்ப் வகை. ஒவ்வொரு முறையும் இழுத்துத் தள்ள வேண்டும். இரண்டாவது கேஸ் வகை. விசையை அழுத்த அழுத்தக் குண்டு போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது பேட்டரியில் இயங்குவது. எது நேராகச் சுடும் என்று கேன்டீனில் பேச்சு எழுந்தது. பேட்டரி என்றான் பிரபாகரன். வாயால் பேசுவது அறிவியல் இல்லை என்பதால் அதையே பிராஜெக்டாக எடுத்தேன்.

இருபத்தைந்து மீட்டரில் சுவரைச் சுட்டுப் பார்த்தேன். மூன்றுமே ஒரு முழம் தள்ளித்தான் அடித்தன. ஆனால் சுவர் மூச்சு விடாது, திரும்பாது. உயிருள்ள ஓர் இலக்கு, முடிந்தால் வெள்ளை உடையில், அதிகம் அசையாமல் கிடைத்தால் நல்லது என்று தோன்றியது.

அப்படி ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். சங்கரபாண்டியன், வயது முப்பத்தொன்பது, உரக்கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர் மாரியம்மனுக்கு எடுக்கும் சித்திரைப் பொங்கலின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அன்று முறைப்பெண்கள் மாமன்மார் மீது மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒருத்தி ஒருவர் மேல் தேடிப் போய் ஊற்றினால் பெரியவர்கள் அதற்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்வதும் உண்டு. சங்கரபாண்டியன் வருடா வருடம் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்து குழாயடியில் நிற்பார். பதினாறு வருடமாக உலர்ந்த சட்டையோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார். இவ்வளவு நிலையான இலக்கு எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

பாண்டிச்செல்வியை உங்களுக்குத் தெரியும். வகுப்பில் முதல் மாணவி, எனக்கு எதிர் வீடு, தங்கச்சி முறை. மதுரையில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. அவள் அப்பா செல்லப்பாண்டி பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். மகள் கையில் மருந்து படக் கூடாது என்று படிக்கவைத்தவர். அதே எம்.எஸ்சி.க்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இதற்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை. விவரம் விடுபடக் கூடாது என்று எழுதுகிறேன்.

மஞ்சள் நீராட்டு அன்று காலை எட்டு ஐம்பதுக்குத் தொடங்கினேன். பம்பின் முதல் குண்டு விளக்குக் கம்பத்தில் பட்டது. இரண்டாவது மூக்கம்மாளின் வெள்ளாட்டில் பட்டது. அன்று மஞ்சளாக இருந்த எதையும் யாரும் சந்தேகிக்கவில்லை. ஆட்டுக்கு முறைப்பெண் யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. சத்தமும் பிரச்சினை இல்லை. எங்கள் ஆட்கள் வேலை நேரத்தில்தான் டப் என்றால் ஓடுவார்கள். திருவிழாவில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்து கேஸ் வகையை எடுத்தேன். முதல் குண்டே சங்கரபாண்டியனின் முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவில்.

அவர் திரும்பினார். பின்னால் பாண்டிச்செல்வி குடத்தோடு நின்றாள்.

"சுளீர்னு இருந்துச்சும்மா," என்று அவர் தன் தாய் ராக்காயியிடம் சொன்னார். "உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு."

ராக்காயி, செல்லப்பாண்டியின் அக்கா. மகனின் முதுகைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"மஞ்ச வாசனையே இல்லையே," என்றார் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய்.

"ஆசையா ஊத்துனா வாசனை வராதுடி," என்றார் ராக்காயி.

"அத்தே, சத்தியமா நான் ஊத்தல. குடத்துல பாருங்க, வெறும் தண்ணி," என்றாள் பாண்டிச்செல்வி.

"வெக்கத்தப் பாரேன்!"

அவள் மறுக்க மறுக்க வெட்கம் கூடுவதாகக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. மதுரைப் படிப்பு என்ன ஆகும் என்று செல்லப்பாண்டி கேட்டார். "எடை, அளவு இதுதான பிசிக்ஸு? கடையில தராசு இருக்கு, வந்து படிக்கட்டும்," என்றார் ராக்காயி.

மறுநாள் பாண்டிச்செல்வி எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஏலே எழிலு, நீ மாடியில இருந்தேல்ல? வடகம் காயுறப்ப நீ எறங்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். நான் ஊத்துனேனான்னு எங்கய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. ஒன்னையக் கையெடுத்துக் கும்புடுதேன்."

பேட்டரி வகைக்கு அதுவரை ஓர் அளவீடுகூட எடுக்கவில்லை. ஆய்வு பாதியில் இருக்கும்போது முடிவை வெளியிடக் கூடாது என்று முதலாண்டிலேயே நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

"நான் காக்காயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை.

பேட்டரி வகைக்கும் அதே இலக்கு, அதே தூரம், அதே சட்டை தேவைப்பட்டன. நிச்சயதார்த்தத்தில் மூன்றும் அமைந்தன. அதிர்ஷ்டம் வந்த சட்டை என்று சங்கரபாண்டியன் அதையே துவைத்துப் போட்டிருந்தார். எதிர் வீட்டு வாசலில் பந்தல். தட்டு மாற்றும் நேரத்தில் பாண்டிச்செல்வி சபை நடுவில் வந்து நின்று, தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்னாள். செல்லப்பாண்டி தட்டைக் கீழே வைத்தார்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீக. பிள்ளைக்கு இஷ்டமில்லேன்னா விட்டுருவோம். அது படிக்கட்டும்."

காற்று இல்லை. இலக்கு என் பக்கம் பார்த்து நின்றது. அழுத்தினேன். நடு நெஞ்சில் பட்டது.

அவர் "அம்மா" என்றார். வலியில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். மாரியம்மனைக் கூப்பிட்டதாகப் பந்தல் எடுத்துக்கொண்டது. யாரும் ஊற்றாமல் நெஞ்சில் மஞ்சள் வழிகிறதே என்று ராக்காயி குலவையிட்டார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். செல்லப்பாண்டி தட்டை மறுபடி கையில் எடுத்தார். மருந்து கலக்குகிற மனிதர், அம்மனைப் பகைத்துக்கொண்டு நாளை எப்படி ஷெட்டுக்குள் போவார்? பாண்டிச்செல்வி மட்டும் நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தாள்.

முடிவுகளைத் தனியே இணைத்திருக்கிறேன். சுருக்கமாக, மூன்று மார்க்கர்களுக்கும் துல்லியத்தில் வித்தியாசம் இல்லை. குழலின் அளவுக்குக் குண்டு சரியாகப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். நம் ஊர் வெயிலில் குண்டுகள் கொழுக்கட்டை போல் நெளிந்துவிட்டன. சுவரிலேயே இது தெரிந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துவிட்டது. ஆனாலும் முழுமை என்று ஒன்று இருக்கிறது.

மதுரையில் பாண்டிச்செல்வியின் இடம் காலியாகிறது. அரசு ஒதுக்கிய இடம் வீணாகப் போகக் கூடாது என்று நான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். நடத்தைச் சான்றிதழில் உங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி.

இலக்கு ஏழு மணியிலிருந்தே குழாயடியில் நின்றதாகக் குறிப்பில் இருக்கிறதே, எட்டு ஐம்பது வரை என்ன செய்தாய் என்றும் சிவப்பு மையில் கேட்டிருந்தீர்கள். காத்திருந்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. பாண்டிச்செல்வி இன்னும் தண்ணீருக்கு வரவில்லை.

இந்த விளக்கத்தைத் திங்கட்கிழமைக்குள் தரச் சொன்னீர்கள். இன்று வியாழன், எழுதி முடித்துவிட்டேன். பாண்டிச்செல்வியின் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை. அவசரத்தில் எழுத்துப் பிழை இருந்துவிடக் கூடாது என்பதால், இன்னும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை முதல் பீரியடில் உங்கள் மேசையில் வைக்கிறேன்.