கஞ்சிக்காரி கல்லு

ஒரு காலத்துல நம்ம நெட்டூரணிக்கு ரோடும் கிடையாது, ஆசுபத்திரியும் கிடையாது. ஊருணி ஒண்ணுதான் உண்டு. குடிக்கிறதும் அதுலதான், குளிக்கிறதும் அதுலதான், மாடு கழுவுறதும் அதுலதான். அந்த ஊருல இருளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்து, ரெண்டு ஆம்பளைப் புள்ளைகளை வச்சுக்கிட்டு மாமியாகாரிகூட இருந்தவ.

ஒரு கோடையில ஊருக்குள்ள வாந்திபேதி வந்துச்சாம். சும்மாவா வந்துச்சு? காலையில ஆடு பத்திக்கிட்டுப் போனவன் சாயங்காலம் பாடையில போனான்னு சொல்லுவாக. நாட்டாமை கூட்டம் போட்டாராம். என்ன சொன்னாராம்?

"கீழ போறது நிக்கணும்னா மேல ஊத்துறதை நிப்பாட்டணும். பேதி கண்டவனுக்குச் சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது. ஓட்டைப் பானையில யாராச்சும் தண்ணி ஊத்துவாகளா?"

அதுக்கு வாய்க்கட்டுன்னு பேரு. ஊரே தலையாட்டுச்சாம். தலையாட்ட நம்ம ஊருக்குச் சொல்லியா குடுக்கணும்!

இருளாயிக்கு மூத்தவன் விழுந்தான். "ஆத்தா தண்ணி, ஆத்தா தண்ணி"ன்னு கேட்டானாம். குடுக்கல. வாய்க்கட்டாச்சே. நாக்கு ஒட்டி, கண்ணு குழிஞ்சு, தண்ணி தண்ணின்னே செத்தான். அவனைப் புதைச்ச மண்ணு காயல, சின்னவன் சடையன் விழுந்தான். அவனும் அதைத்தான் கேட்டான். "ஆத்தா தண்ணி."

இருளாயி எந்திரிச்சாளாம். அடுப்புல கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. வடிச்சா. உப்புக்கல்லைப் போட்டா. ஆத்துனா. மாமியாகாரி குறுக்க விழுந்தா.

"அடியே, இருக்கிற ஒத்தைப் புள்ளையையும் கொல்லப் போறியாடி?"

"மூத்தவனைத்தான் தாகத்தோட அனுப்பிட்டோம் அத்தை. இவனாச்சும் குடிச்சிட்டுப் போகட்டும்."

அவளுக்கு வைத்தியமா தெரியும்? வயித்தெரிச்சல்தான். ஊத்துனா. வாந்தி எடுத்தான். மறுபடி ஊத்துனா. மறுபடி எடுத்தான். மறுபடி ஊத்துனா. பொழுதன்னைக்கும் ஊத்துனாளாம். மறுநா பையன் எந்திரிச்சு உக்காந்து, "பசிக்குது"ன்னானாம்.

இனி ஊர் என்ன செய்யணும்? ஓடிவந்து கேக்கணுமா இல்லையா? "அவன் ஆயுசு கெட்டி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. பானையைத் தூக்கிக்கிட்டு அவதான் வாசல் வாசலாப் போனா. கதவைச் சாத்துனாக. நாட்டாமை வீட்டுலயே மக விழுந்து கிடந்தா.

"மாமா, கதவைத் தொறங்க. மக வாயில கொஞ்சம் ஊத்திட்டுப் போயிருதேன்."

"ஓட்டைப் பானைன்னு அன்னைக்கே சொன்னேனே, காதுல விழலையா?"

"பானைக்குத் தாகம் எடுக்குமா மாமா? உங்க மக தண்ணி கேக்காளே, அது காதுல விழலையா?"

கதவு தொறக்கல. அந்தப் புள்ளையும் போயிருச்சு. அதுக்கப்புறம்தான் அங்கொண்ணு இங்கொண்ணா கதவு தொறந்துச்சாம். தொறந்த வீட்டுல முக்காவாசிப் பேர் பிழைச்சாக. தொறக்காத வீட்டுல ஒப்பாரி. இருளாயி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயி, ஊருணிக் கரையில ஒரு கல்லு மேல பானையை இறக்கி வச்சு உக்காந்துட்டாளாம், வேணுங்கிறவன் வரட்டும்னு.

அவ உசிரோட இருக்கையில கதவைச் சாத்துனவுகதான், அவ செத்த பொறவு கஞ்சிக்காரின்னு கும்பிட்டாக. பங்குனிக்குப் பங்குனி அந்தக் கல்லுக்கிட்ட வர்றவுகளுக்கெல்லாம் உப்புக் கஞ்சி ஊத்துனாக. அதோட விட்டாகளா? கையில நாலு காசு சேந்ததும், "சாமிக்குப் போயி உப்புக் கஞ்சியா, பானகம் ஊத்துவோம்"னு மாத்திட்டாக. இப்பக் குழாய்த் தண்ணி வந்துருச்சு, பேதி போயிருச்சு. வீட்டுக்கு வீடு சக்கரை வியாதி வந்து உக்காந்திருச்சு.

அந்தச் சடையனோட பேரன் மலையாண்டிக்குச் சக்கரையில கால் விரலு ரெண்டு எடுத்தாச்சு. திருவிழாவுல பானகத்தை டம்ளர் டம்ளரா உள்ள விடுதான். பொஞ்சாதி வேலம்மா கையைப் பிடிச்சு, "ஆசுபத்திரியில என்ன சொல்லி விட்டாக?"ன்னு பிடுங்குதா. "சாமி பிரசாதத்துல சக்கரை ஏறாதுடி"ங்கான். ஊரே தலையாட்டுச்சு. கஞ்சி குடிச்சுப் பிழைச்சவன் வம்சம்யா! எங்க போயி முட்டிக்கிட?

அடுத்த பங்குனிக்கு மலையாண்டி இல்ல. வேலம்மா தனியா ஒரு பானையில உப்புக் கஞ்சி காய்ச்சித் தூக்கிட்டு வந்து, பானகப் பானைக்குப் பக்கத்துல வச்சா. வருசா வருசம் வைக்கா. அதனாலதான் கஞ்சிக்காரி கல்லுக்கு முன்னாடி ரெண்டு பானை. பானகத்துக்கு வரிசை ஊருணிக் கரையைச் சுத்திப் போகுது. வேலம்மாகிட்டக் கேட்டா ஊத்துவா. கேக்கத்தான் ஆளில்ல.