அப்பா வேஷம்

ஷகிலா: இல்ல சார், இப்பிடிக் கை கட்டிக்கிட்டு நின்னா நீங்க ஹெட்மாஸ்டராட்டம் தெரியல. லீவு கேக்க வந்தவராட்டம் இருக்கீங்க.

அல்போன்ஸ்: வேலைக்குச் சேந்த நாள்லருந்து ஹெட்மாஸ்டர் முன்னாடி இப்பிடியே நின்னு நின்னு, கையி தானாக் கட்டிக்குது டீச்சர்.

ஷகிலா: எடுங்க. உக்காந்து மேச மேல வைங்க.

அல்போன்ஸ்: வெச்சாச்சு. இப்ப?

ஷகிலா: இப்ப நான் உள்ள வர்றேன். நான் அப்பா. ஒம்பதாவதுல பாதியில பொண்ண நிறுத்திட்ட அப்பா. நீங்க பேசி என் மனச மாத்தி, பொண்ணத் திரும்ப அனுப்ப வெக்கணும். சாப்பாடு முடிஞ்சதும் ட்ரெயினிங் நடத்தற சிஸ்டர் முன்னாடி நடிச்சுக் காட்டணும். நெனப்பிருக்குதுங்களா?

அல்போன்ஸ்: அதெல்லாம் இருக்குது. சத்துணவு வந்தப்பறம் ஹெட்மாஸ்டர்னா பருப்பு அளக்கற வேலதான்னு நெனச்சேன். இங்க சாமியாருங்க காலேஜ்ல ட்ரெயினிங்குன்னு வந்தா வேஷங்கட்டச் சொல்றாங்க. எங்க ஏரியூர்ல, ஏசு பாடுபட்டதக் காட்டற பாஸ்கா நாடகத்துல ஒருதடவ ரோமாபுரி சிப்பாயா நின்னேன். வசனமே கெடையாது. அதுலயும் ஈட்டியக் கீழ போட்டுட்டேன்.

ஷகிலா: எனக்கு மட்டும் நடிப்பு கொட்டுதுங்களா? வூட்ல நெஜமாக் கோவப்பட்டாலே சிரிக்கறாங்க. இதுல பாஸானாத்தான் ஏரியூர் ஸ்கூலுக்கு நீங்க ஹெட்மாஸ்டர்னு ஃபாதர் சொல்லிட்டாருல்ல?

அல்போன்ஸ்: சொன்னாரு. "அல்போன்சு, தலைமைப் பண்பு உங்கிட்ட எங்கியோ ஒளிஞ்சிருக்குது"ன்னாரு. நல்லாவே ஒளிஞ்சிருக்குது டீச்சர். எனக்கே ஆப்புடல.

ஷகிலா: சரி, வர்றேன்... கும்புடறேனுங்க சார்.

அல்போன்ஸ்: வாங்க... உக்காருங்கம்மா.

ஷகிலா: அம்மாவா?

அல்போன்ஸ்: மன்னிச்சுக்குங்க. மொகத்தப் பாத்தா டீச்சராட்டமேதான் தெரியுது.

ஷகிலா: அப்ப சொவத்தப் பாத்துப் பேசுங்க.

அல்போன்ஸ்: உக்காருங்கண்ணே. உங்க பொண்ணு ஏன் ஸ்கூலுக்கு வர்றதில்ல?

ஷகிலா: பஸ்ஸு சரியில்லீங்க. எங்கூரு ஸ்கூலு எட்டாவதோட சரி, பென்னாகரம் பஸ்ஸுல பூரா ஆம்பளப் பசங்க கூட்டம். வயசுக்கு வந்த புள்ளைய எப்பிடிங்க அனுப்பறது?

அல்போன்ஸ்: அது நாயந்தானே.

ஷகிலா: சார்... நீங்க ஒத்துக்கக் கூடாது.

அல்போன்ஸ்: பெத்தவங்க சொல்றத மொதல்ல மனசுல வாங்கிக்கணும்னு சிஸ்டர் சொன்னாங்களே.

ஷகிலா: வாங்கி அப்பிடியே வெச்சுக்கச் சொல்லல. பதில் குடுக்கணும்.

அல்போன்ஸ்: சரி... அண்ணே, நாலு புள்ளைங்க சேந்தாப்பல போனா பயமில்லண்ணே. கண்டக்டர்கிட்டயும் நான் சொல்லி வெக்கறேன்.

ஷகிலா: அவரு டிக்கெட்டப் பாப்பாரா, எம் பொண்ணப் பாப்பாரா? அதுவுமில்லாம அவங்கம்மாவுக்கு இடுப்பு வலி. தண்ணி எடுக்க வூட்ல ஆள் வேணும்.

அல்போன்ஸ்: தண்ணி... தண்ணிய நீங்க எடுங்களேன்.

ஷகிலா: நானுங்களா? ஊரு சிரிக்காதா? நாலு பேருக்குப் புத்தி சொல்ற ஆளுங்க நானு.

அல்போன்ஸ்: புத்தியா? டீச்சர், குலுக்கல்ல நமக்கு விழுந்த சீட்டுல "அப்பா விவசாயி"ன்னுதானே போட்டிருந்துச்சு?

ஷகிலா: விவசாயி புத்தி சொல்லக் கூடாதுங்களா? மேல பேசுங்க.

அல்போன்ஸ்: அண்ணே... அது நல்லாப் படிக்கற பொண்ணு. கணக்குல...

ஷகிலா: கணக்குல மொத மார்க்கு. தெரியுங்க. அதுக்கென்ன, நானே ஒரு வாத்தியாரு. வூட்லயே வெச்சு நானே சொல்லிக் குடுத்துக்கறேன். பரிச்சைய ப்ரைவேட்டா எழுதிக்கட்டும்.

அல்போன்ஸ்: தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.

ஷகிலா: டம்ளர் உங்க முன்னாடிதான் இருக்குது.

அல்போன்ஸ்: ஆமா... இருக்குது.

ஷகிலா: குடிச்சாச்சுங்களா? வாத்தியாரு அப்பனுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

அல்போன்ஸ்: என்னான்னு சொல்றது... "சொல்லிக் குடுத்தீங்களா"ன்னு கேக்கலாம். "ஒருநாளாச்சும் புஸ்தகத்தத் தொறந்தீங்களா"ன்னு கேக்கலாம்.

ஷகிலா: கேளுங்க.

அல்போன்ஸ்: அண்ணே... தொறந்தீங்களா?

ஷகிலா: எங்கீங்க நேரம்? பகல்ல ஸ்கூலு. சாயந்தரம் வந்தா அசதி. சனிக்கிழமையானா எனக்கு ஹெட்மாஸ்டர் ட்ரெயினிங்கு...

அல்போன்ஸ்: போதும் டீச்சர்.

ஷகிலா: எனக்கு இன்னும் மனசு மாறலியே.

அல்போன்ஸ்: லேசுல மாறாது. அந்தாள எனக்குத் தெரியும்... கண்ணம்மாதானே சொன்னா?

ஷகிலா: உங்க தெருவுலருந்து என் க்ளாசுக்கு வர்ற புள்ள வேற யாரு? "ஜெசிந்தா ஏன் வர்றதில்ல, அவங்கப்பாவக் கேட்டுட்டு வா"ன்னு உங்ககிட்டத்தான் அனுப்புவேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தோட வந்து நிப்பா. அதையேதான் இப்பச் சொன்னேன். ட்ரெயினிங்கு மட்டுந்தான் நான் சேத்தது.

அல்போன்ஸ்: இடுப்பு வலி நெஜம் டீச்சர்.

ஷகிலா: இருக்கட்டும். மத்ததெல்லாம்?

அல்போன்ஸ்: சொல்றப்ப நெஜமாட்டந்தான் இருந்துச்சு... சீட்டு குலுக்குனப்ப, இத்தன பேருல நமக்குன்னு பாத்து இது விழுதேன்னு நெனச்சேன்.

ஷகிலா: விழல சார். சிஸ்டர்ட்ட நாந்தான் கேட்டு வாங்குனேன். அல்போன்ஸ் சாரு ஹெட்மாஸ்டரு, நான் அப்பான்னு. வாராவாரம் பக்கத்துல உக்காந்து சாப்புடறோம். நீங்களா ஒரு வார்த்த பேசுவீங்கன்னு பாத்தேன். புளிசாதம் நல்லாருக்குதுங்கறீங்க, ஜெசிந்தா பேச்சே எடுக்கல. சிஸ்டர் பெண் கல்வின்னு ஆரம்பிச்சாப் போதும், எல்லாருக்கும் முன்னாடி உங்க தலதான் ஆடுது. எனக்கு எரிஞ்சுது.

அல்போன்ஸ்: எனக்குந்தான். ஆனா தல ஆடுதே, என்ன பண்ண? மொத பெஞ்சுல வேற உக்கார வெச்சுட்டாங்க.

ஷகிலா: சிரிக்க வெக்காதீங்க. நான் நெஜமாவே கோவமா இருக்கேன்.

அல்போன்ஸ்: இருங்க, இன்னொண்ணையும் சொல்லிடறேன். மொத்தமாக் கோவப்பட்டுக்கலாம். இன்னிக்கி நாடகத்துக்குப் பின்னாடி மாட்ட ஒரு சார்ட்டு வேணும்னாங்கல்ல? என் எழுத்து கோழி கிளறுனாப்பல இருக்கும். அதான் ஜெசிந்தாவ எழுதச் சொன்னேன்.

ஷகிலா: என்னான்னு?

அல்போன்ஸ்: "பெண் கல்வி". கொட்ட எழுத்துல.

ஷகிலா: சார்...

அல்போன்ஸ்: செவப்பு மையில எழுதி, ஓரமெல்லாம் பூப் போட்டு, காய வெச்சு, சுருட்டி எங்கையில குடுத்துட்டு, "வேற எதாச்சும் எழுதணுமாப்பா"ன்னு கேட்டா. நக்கலாக் கேட்டிருந்தாலும் ஒரு அதட்டு போட்டுத் தப்பிச்சிருப்பேன். அந்தப் புள்ள நெஜமாத்தான் கேட்டுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு டீச்சர்.

ஷகிலா: அப்பறமும் இங்க வந்து, பஸ்ஸு சரியில்லன்னு நான் சொன்னா, நாயந்தானேங்கறீங்க.

அல்போன்ஸ்: பழக்கதோசம்.

ஷகிலா: இப்ப நான் நடிக்கல. அவ க்ளாஸ் டீச்சராக் கேக்கறேன். திங்கக்கிழம ஜெசிந்தாவ அனுப்புவீங்களா, மாட்டீங்களா? சன்னல் பக்கமே பாத்தா எப்பிடி? பதில் சொல்லுங்க சார்.

அல்போன்ஸ்: அந்தக் கல்லுக் கொகையாட்டம் கட்டுன கெபிகிட்ட, மாதா செலைக்குக் கீழ உக்காந்திருக்கா பாருங்க. காலைல என்கூடவே கூட்டியாந்துட்டேன். அவளத் திரும்பச் சேத்துக்குங்கன்னு உங்க மொகத்தப் பாத்து எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் இந்நேரம் வரைக்கும் ஹெட்மாஸ்டரா உக்காந்திருந்தேன்... இன்னிக்கி சனிக்கிழம, ஸ்கூலு இல்லன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் டீச்சர். கேக்கல. யூனிஃபாரம் போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கா.