கதவத் தொறந்தவ

கிட்ட வந்து உக்காரும்மா. நான் சொல்றதுல ஒன்னு விடாம உங்க டிவி ஆபீஸுக்குப் போய்ச் சேரணும். தண்ணி நீயே ஊத்திக்க, எனக்கு இந்த ரெண்டு வெரலும் மடங்காது.

சீரியலப் பத்திக் கருத்து கேக்க வந்தேன்னியே, கேட்டுக்க. குப்பை. அந்தப் பொண்ணு நாலு வீட்டுத் துணி தொவச்சு வயித்தக் கழுவுறவ. நீங்க போட்ட நடிகைக்கு நகத்துல சாயம். துணிய ஒதறாமயே கொடியில போடுறா. அப்படிப் போட்டவள எங்கயாவது பாத்திருக்கியா? புருஷன் அடிச்சா கன்னத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, பின்னால பாட்டு வேற. அடி வாங்குனவ கன்னத்தத் தேட மாட்டா, கதவத்தான் தேடுவா.

அது கெடக்கட்டும். முடிவ எதுக்கு மாத்துனீங்க? அவ விட்டுட்டு வந்த புருஷன் கடசியில வாசல்ல நின்னு அழுவான், அவ கதவத் தொறப்பா. புத்தகத்துல அதான கதை. நீங்க என்னடான்னா அவ உள்ளயே உக்காந்து துணி மடிக்கிறான்னு காட்டுறீங்க. பெரிய மனுஷர் எழுதுனதுல கை வைக்க நீங்க யாரு?

நான் எங்க படிச்சேன், எழுத்துக்கூட்டவே வராது. தையல் கம்பெனியில மதியச் சாப்பாடு முடிஞ்சா எங்க நாத்தனா இந்தக் கதைய அரை மணி நேரம் படிப்பா, நாங்க பதினோரு பேர் கேப்போம். கெட்டிக்காரி. மாமியாக்காரி பேச்சு வந்தா மூக்காலயே படிப்பா, எங்க சூப்பர்வைசரே திரும்பி நின்னு சிரிப்பாரு. உங்க சீரியல் அவ கால் தூசி பெறாது. போன வருஷம் அவ செத்தப்ப தொண்ட கட்ட அழுதது நான்தான்.

என்ன பையத் தொறக்குற. புத்தகமா? அதுலயும் அப்படித்தான் இருக்குங்குறியா? எங்க, படி.

இன்னொருக்க படி. அந்த வாசல் எடத்த.

தாப்பாள்ல வச்ச கைய எடுத்துட்டாளா. எடுத்துட்டுப் போய் துணி மடிச்சாளா.

சரி, மூடி வை. உங்க ஆளுங்க மேல தப்பில்ல. நகச்சாயம் மட்டுந்தான் தப்பு.

அழலம்மா. நாத்தனான்னா யாரு, புருஷனோட கூடப் பொறந்தவதான. அவ இதப் படிச்ச சமயத்துல நான் அவ அண்ணன விட்டுட்டு வந்து, கம்பெனிக்குப் பின்னால ஒரு ரூம்ல ஏழு மாசமா இருந்தேன். அவன் ஆள் மேல ஆள் விட்டுக் கூப்புட்டான். இந்தக் கதையில அவ என்ன செய்யுறாளோ அதையே நானும் செய்யுறேன்னு எல்லாரு முன்னாலயும் வாய விட்டேன். சிரிச்சுக்கிட்டுதான் சொன்னேன், ஆனா மனசுல நெசம். கடசி நாளு நாத்தனா படிச்சா, புருஷன் திருந்திட்டான், கதவு தொறந்துச்சுன்னு. அன்னிக்கு சாயங்காலமே அவன் வீட்டுக்கு மூட்டையக் கட்டிட்டேன். மூணாம் மாசம் இந்த வெரலு. கதவிடுக்குல வச்சு சாத்துனான்.

அன்னிக்குப் படிச்சு முடிச்சதும் பக்கத்து மெஷின்காரி கேட்டா, குடு, நானும் ஒருக்கா பாக்குறேன்னு. இரு, கட்டு விட்டுப்போச்சு, தச்சுத் தரேன்னா நாத்தனா. கடசி எட்டுப் பக்கத்தையும் சேத்துப் புடிச்சா, மெஷின்ல வச்சு நாலு ஓரமும் தையல் ஓட்டுனா, நூலப் பல்லால கடிச்சு அத்தா.