வளைவு வந்தது, கை வரவில்லை

இந்த அவையை அணி செய்து அமர்ந்திருக்கும் ஓட்டுநர் பயிற்சியாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே! அடுத்தவருக்காகப் பிரேக்கை மிதித்து மிதித்தே முட்டி தேய்ந்துபோன மூத்த பயிற்சியாளர்களே! பெற்ற பிள்ளைகளையும் பிடித்து வைத்த உயிரையும் எங்களை நம்பி ஒப்படைத்த தாய்மார்களே! வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் என் அருமை நண்பர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் அதிகம் படித்தவன் அல்லன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். ஆகவே எழுதிவைத்துப் படிக்க மாட்டேன். நெஞ்சில் எரிவதைச் சொல்வேன்.

இதோ, இந்த மேசைமேல் ஒரு கேடயம் பளபளக்கிறது. பன்னிரண்டே நாளில் அதிகம் பேருக்கு உரிமம் வாங்கித் தந்த பயிற்சியாளருக்கு என்று பொறித்திருக்கிறார்கள். அது எனக்குத்தான். பொறுங்கள், கைதட்டாதீர்கள். அந்தக் கையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கற்றுக்கொள்பவர் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். வளைவு வருகிறது. அப்போது நம் கை எங்கே இருக்கிறது? மடியில் இருக்கிறதா? கதவைப் பிடித்திருக்கிறதா? இல்லை, ஐயா, இல்லை. ஸ்டீயரிங்கின் அடியில் இருக்கிறது. இரண்டே விரல். அவர் பதறுகிறார், நாம் ஒடிக்கிறோம், வண்டி திரும்புகிறது, அருமையாக ஒடித்தீர்கள் என்று அவரையே பாராட்டுகிறோம். ஒடித்தது யார்? பாராட்டு யாருக்கு? தேர்வு நாளில் அதிகாரி பின்னால் உட்கார்ந்து தாளைப் புரட்டும் அந்த ஒரு நொடியில், அந்த வண்டியைத் திருப்பியது எவர் விரல்?

நடுவரிசையில் யாரது தலையைக் குனிவது? நிமிர்ந்து உட்கார் தம்பி. உன்னைவிட என் தலைதான் இன்று கனமாக இருக்கிறது.

என் மனைவியின் தங்கை, என் கொழுந்தியாள், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது. ஊரெல்லாம் சுற்றி, ரத்தம் நிரப்பிய சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவரும் வேலை. கற்றுக்கொடுத்தவன் நான். பன்னிரண்டாம் நாள் உரிமம். வீடே என்னைக் கொண்டாடியது.

தனியாக ஓட்டிய முதல் நாள். மூன்றாவது தெரு முனையில் ஒரு மருந்துக்கடை. அங்கே வண்டி திரும்பவில்லை. நேரே போய்க் கடையின் படிமேல் ஏறி நின்றது. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து, "மருந்துன்னா இறங்கி வந்து வாங்கிக்கலாமேம்மா" என்றாராம். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், அடுத்ததைக் கேட்கும்வரை. ஒரு நிமிடம் முன்பு அதே படியில் ஒரு தாய் தன் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கொழுந்தியாள்தான் பேசினாள்.

"வளைவு வந்துச்சு மாமா. உங்க கை வரும்னு பாத்தேன். வரல."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை, நண்பர்களே. வண்டி அப்படித்தான் திரும்பும் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறாள்! நம்பவைத்தவன் எவன்? நான். என்னைப் போல் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? நாம் உரிமம் வாங்கித் தந்த எத்தனை பேர் இந்த நிமிடம் ஏதோ ஒரு தெரு முனையில் நம் இரண்டு விரலுக்காகக் காத்திருக்கிறார்கள்? இதற்குக் கேடயமா? இதற்கு மாலையா? இதற்கு மேடையா?

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும், அது அவர் மணி. வாழ்த்துரை மட்டும் போதும் என்று என் காதில் சொன்னார். வேகமே நம் விளம்பரம் என்றும் சொன்னார். ஐயா, மருந்துக்கடைப் படியில் நின்றதும் அந்த வேகம்தானே?

நிலைய மேலாளர் நல்ல மனிதர். மூன்று வாரம் தருகிறேன், அது முடிந்து வரும் திங்கட்கிழமை என் முன்னால் ஓட்டிக் காட்டு, குப்பி சாய்ந்தால் வேறு ஆள் என்றார். ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு காலி மைதானத்துக்கு அழைத்துப் போனேன். தட்டில் பன்னிரண்டு குப்பி, உள்ளே தண்ணீர், பின்சீட்டில் வைத்தேன். என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அழுத்திக்கொண்டேன். கால் மட்டும் பிரேக்கில்.

முதல் நாள் ஏழு குப்பி சாய்ந்தது. என் கை துடித்தது, எடுக்கவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் போய்ப் பிரேக்கைத் தேடாதே என்றேன். கியரையும் முன்பே மாற்று என்றேன். கண்ணை வண்டியின் மூக்கில் வைக்காதே, போகவேண்டிய தெருவுக்குள் அனுப்பு, கை தானே பின்தொடரும் என்றேன். மெல்ல ஒடி, மெல்லத் திருப்பி விடு, பட்டென்று கைவிடாதே என்றேன். பதினெட்டு வருடத் தொழிலில் இதையெல்லாம் வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. விரல் வேலை செய்யும்போது வாய்க்கு என்ன வேலை?

ஒரு வாரம் கழித்து மூன்று சாய்ந்தது. அப்புறம் ஒன்று. அந்த ஒன்று நாலு நாள் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

ஆகவே இந்தக் கேடயம் எனக்கு வேண்டாம், தலைவர் அவர்களே. அதற்குப் பதிலாக ஒரு தீர்மானம் தாருங்கள். பாடம் பன்னிரண்டு நாளில் முடியட்டும், முப்பது நாள்கூட ஆகட்டும். வளைவில் பயிற்சியாளர் கை தொடைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். மறுப்பவர் எழுந்து நின்று, தன் மாணவர் ஓட்டும் வண்டியில் தன் பிள்ளையை ஏற்றி அனுப்புவேன் என்று சொல்லட்டும். ஒருவர்கூட எழவில்லையே?

இன்று என்னை இந்த மண்டபத்துக்கு அழைத்து வந்தவள் என் கொழுந்தியாள். வழக்கம்போல் முன்கதவைத் திறந்தேன். "பின்னாடி உக்காருங்க மாமா, அங்கேயிருந்து உங்க கை எட்டாது" என்றாள். உட்கார்ந்தேன். குப்பித் தட்டு என் பக்கத்தில். வழியில் பதினோரு வளைவு, எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்றும் சாயவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் பார்க்கப் போவதை நான் இன்றே பார்த்துவிட்டேன். மணியடித்தும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், கோபித்தும் கலையாத உங்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். வாசலில் வண்டி நிற்கிறது. நான் பின்சீட்டில் ஏறப் போகிறேன்.